புரட்டாசியில் பார்க்க வேண்டிய பேட்டரி

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு இன்னும் சில வாரங்களே எஞ்சியிருக்கும் இந்தப் புரட்டாசி மாதத்தில், கார் வைத்திருக்கும் அன்பர்கள் வைப்பர் ரப்பரை மாற்றுவதிலும் டயரின் தேய்மானத்தைப் பார்ப்பதிலும் காட்டுகிற சிரத்தையில் ஒரு பங்கையாவது பேட்டரியின்மீதும் செலுத்த வேண்டும். மூன்று வயதைக் கடந்த பேட்டரியாயின் இந்த வாரத்திலேயே அதைப் பரிசோதித்து, இனித் தேறாது என்று தெரிந்தால் மழைக்கு முன்பே மாற்றிவிடுவது உத்தமம். ஏனெனில், ஐப்பசி மழையில் நடுச்சாலையில் செல்ஃப் எடுக்காமல் நின்றுபோன பிறகு, கிடைத்த கடையில் கிடைத்ததை வாங்குகிறவருக்கு நல்லது கெட்டது பார்க்கும் அவகாசம் ஏது?

பேட்டரி உயிரை விடுவது பெரும்பாலும் மழைக்காலத்தில் என்றாலும், அதன் ஆயுளைத் தின்று தீர்ப்பது கோடையே. 1859ஆம் ஆண்டில் காஸ்டன் பிளாண்டே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி கண்டுபிடித்த அதே தத்துவத்தின்படி, ஈயத் தகடுகளும் கந்தகத் திராவகமும் ஒன்றோடொன்று செய்யும் ரசாயன வினைதான் இன்றைய காரையும் கிளப்பி விடுகிறது. அந்த வினை உஷ்ணத்தில் துரிதப்படுவதுபோலவே, தகடுகளைத் தாங்கும் ஈயச் சட்டம் அரிக்கப்படுவதும், திராவகத்திலுள்ள நீர் வற்றுவதும் துரிதப்படுகின்றன. சுமார் 25 பாகை செல்சியஸில் கிடைக்கக்கூடிய ஆயுள், உஷ்ணம் எட்டு முதல் பத்து பாகை ஏறுந்தோறும் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்பது இத்துறையினர் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. வேலூரிலும் திருச்சியிலும் மதுரையிலும் வெளிக்காற்றே 40 பாகையைத் தாண்டும் கத்திரி நாட்களில், ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு சிக்னலில் நிற்கும் வண்டியின் பானெட்டுக்குள் இருக்கும் உஷ்ணத்தைச் சொல்லவே வேண்டாம். ஆயினும் கோடையில் எஞ்சின் ஆயில் இளகியிருப்பதால் வண்டி சுலபமாகக் கிளம்பிவிடுகிறது. உள்ளே நேர்ந்த க்ஷீணம் வெளியே தெரிவதில்லை. மழை வந்து, பகலிலேயே ஹெட்லைட்டும் வைப்பரும் கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்கும் புளோயரும் ஒருசேர ஓட, வண்டியோ நெரிசலில் ஊர்ந்து ஆல்டர்னேட்டரால் போதிய மின்சாரத்தை ஈட்டித் தர முடியாமற்போகும் அந்த வேளையில்தான் குட்டு வெளிப்படுகிறது.

பரிசோதனை பெரிய வித்தையன்று. இரவு முழுவதும் நின்ற வண்டியை, காலையில் கிளப்புவதற்கு முன்பு மல்ட்டிமீட்டரால் அளந்தால், நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டையோ சற்று மேலாகவோ காட்டும், 12.4 என்றால் முக்கால் பங்கு சார்ஜ் இருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். அதைவிட உண்மையைச் சொல்லுவது, வேறொருவரைச் சாவியைத் திருகச் சொல்லிவிட்டு மீட்டரைக் கவனிக்கும் அந்த இரண்டு விநாடிகள்: எண் சடசடவென்று இறங்கி, ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும்போது 10க்கு மேலேயே நின்று, எஞ்சின் பற்றியதும் 14ஐ ஒட்டி ஏறினால் கவலையில்லை, 9.6க்குக் கீழே விழுந்து, மோட்டாரும் முனகுமானால், சார்ஜ் நிரம்பியிருந்தும் பேட்டரி பலம் இழந்துவிட்டது என்று கொள்ளலாம். எஞ்சின் ஓடும்போதும் 13.5ஐ எட்டவில்லையென்றால், கோளாறு ஆல்டர்னேட்டரிலோ அதன் பெல்ட்டிலோ இருக்கலாம். இதை முதலில் தீர்க்காமல் புதுப் பேட்டரி வாங்கிப் போடுகிறவர், அதையும் சில வாரங்களில் பாழாக்கிவிட்டுக் கம்பெனியைத் திட்டுவார். மீட்டர் இல்லாதவர்கள் அருகிலுள்ள ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் சென்று லோட் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லலாம்.

மாற்றுவதென்று முடிவானால், முதலில் வண்டியோடு வந்த கையேட்டையும் பழைய பேட்டரியின் மேலிருக்கும் அடையாளத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஜப்பானிய முறையில் 38 பி 20 எல் என்று பொறித்திருந்தால், பி என்பது பெட்டியின் உயர அகலத்தையும், 20 என்பது ஏறக்குறைய சென்டிமீட்டரில் அதன் நீளத்தையும், கடைசி எழுத்து முனைகள் எந்தப் பக்கம் அமைந்தவை என்பதையும் சொல்லும். எல் இருக்க வேண்டிய இடத்தில் ஆர் வாங்கிவந்தால் கேபிள் எட்டாது, இழுத்து மாட்ட முனைந்தால் ஆபத்து. ஆம்பியர்-மணி என்னும் கொள்ளளவு, வண்டிக்கு விதித்ததற்குக் குறையலாகாது. 35 ஆம்பியர்-மணி என்றால் 1.75 ஆம்பியர் வீதம் இருபது மணி நேரம் தரவல்லது என்று அர்த்தம்.

விளம்பரங்கள் வானளாவப் புகழும் சி.சி.ஏ. என்ற எண்ணைப் பற்றி இங்கே சற்று விரித்துச் சொல்வது அவசியம். அது, உறைநிலைக்குக் கீழே 18 பாகைக் குளிரில் பேட்டரி முப்பது விநாடிகளுக்கு எவ்வளவு மின்னோட்டத்தைத் தரும் என்பதற்கான அளவு. உதகமண்டலத்து மார்கழி விடியலே காணாத அந்தக் குளிருக்காக, சமவெளியில் வாழும் நாம் அதிகப் பணம் கொடுப்பானேன்? அந்த எண்ணை உயர்த்துவதற்காக அதே பெட்டிக்குள் மெல்லிய தகடுகளை நெருக்கி அடுக்கியிருந்தால், உஷ்ணத்தில் அவை விரைவில் அரிபடுவதற்கும் இடமுண்டு. கம்பெனி விதித்த சி.சி.ஏ. இருந்தால் போதும். நமக்கு உபயோகமானது ரிசர்வ் கெபாசிட்டி என்னும் மற்றோர் எண்; ஆல்டர்னேட்டர் கைவிட்டாலும் 25 ஆம்பியர் சுமையை எத்தனை நிமிஷம் தாங்கும் என்பதை அது காட்டும். இரண்டு பேட்டரிகள் அளவில் ஒன்றாயிருந்து, ஒன்று மட்டும் தூக்கிப் பார்த்தால் கனமாயிருந்தால், அதில் ஈயம் கூடுதலாக இருக்கிறது என்று ஊகிப்பதில் பெரும்பாலும் பிழை நேராது.

அடுத்துக் கவனிக்க வேண்டியது தயாரித்த தேதி. மேல்மூடியிலோ பக்கவாட்டிலோ எழுத்தும் எண்ணுமாகப் பொறித்திருக்கும் குறியீட்டைக் கடைக்காரரையே படித்துச் சொல்லச் சொல்லி, மூன்று மாதத்துக்கு மேற்பட்டதாயின் வேறொன்று கேட்பது நமது உரிமை. அலமாரியில் சும்மா இருக்கும் பேட்டரியும் தன் சார்ஜைத் தானே இழந்துகொண்டிருக்கும். தகரக் கூரை போட்ட கிடங்கின் வெப்பத்தில் இந்த நஷ்டம் இன்னும் வேகமாக நடக்கும். நெடுநாள் அப்படியே கிடந்தால் தகடுகளின்மேல் ஈயச் சல்பேட் படிகமாக இறுகிப்போய், பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய சக்தி திரும்புவதில்லை. வண்டியில் மாட்டுவதற்கு முன்பு, கடையிலேயே மீட்டர் வைத்து 12.5 வோல்ட்டாவது இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதில் கூச்சமே வேண்டாம். நல்ல கடைக்காரர் நாம் கேட்கும் முன்பே மீட்டரை எடுத்துவிடுவார்.

உத்தரவாதக் காலத்தை வைத்துத் தரத்தை நிர்ணயிப்பவர்கள் பலர். அறுபது மாதம் என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட அட்டையை நிதானமாகப் படித்தால், முதல் முப்பது மாதமே இலவச மாற்று என்றும், எஞ்சிய முப்பதில் புதியதன் விலையில் ஒரு கழிவு மட்டுமே என்றும் பொடி எழுத்தில் இருப்பதைக் காணலாம். அந்தக் கழிவும் பல நேரங்களில் எம்.ஆர்.பி. விலையின்மேல் கணக்கிடப்படுவதால், சாதாரணமாகவே கடையில் கிடைக்கும் தள்ளுபடியைக் கழித்துப் பார்த்தால் லாபம் சொற்பமே. எனவே இலவச மாற்றுக் காலம் எவ்வளவு என்பதையே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். டாக்ஸியாக ஓடும் வண்டிக்கு அந்தக் காலம் பொதுவாகக் குறைவு என்பதையும் மறக்கலாகாது.

வகை விஷயத்தில் நீண்ட விசாரம் தேவையில்லை. சாதாரண வண்டிக்கு, அடிக்கடி நீர் ஊற்ற வேண்டாத கால்சியம் கலந்த ஈயத் தகட்டுப் பேட்டரி போதும். சிக்னலில் தானே நின்று தானே கிளம்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டியில் கம்பெனி ஈ.எஃப்.பி. போட்டிருந்தால் ஈ.எஃப்.பி.யோ ஏ.ஜி.எம்.மோ போடலாம், ஏ.ஜி.எம். இருந்த இடத்தில் ஏ.ஜி.எம்.தான் போட வேண்டும். விலை குறைவென்று சாதாரணப் பேட்டரியை அங்கே வைத்தால், அது சீக்கிரமே கையை விரித்துவிடும்.

மாற்றும்போது, கழற்றுவதில் நெகட்டிவ் முதலில், மாட்டுவதில் நெகட்டிவ் கடைசியில் என்ற கிரமம் மாறக்கூடாது. டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் படிவைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, மேலே கொஞ்சம் வாசலைன் தடவுவது நன்று. பேட்டரியைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தளர்ந்திருந்தால், நம் ஊர்ச் சாலைகளின் குலுக்கலிலேயே தகடுகள் உதிர்ந்துபோகும். பல கடைகளில் அவசரத்தில் இதை முறுக்காமல் விட்டுவிடுகிறார்கள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். மூடி திறக்கக்கூடிய பேட்டரியாயின் டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே ஊற்றலாம்; வீட்டு ஆர்.ஓ. நீரும், கூடுதல் ஆசிடும் கூடாது.

மழை வலுத்து நிறுத்துமிடத்தில் தண்ணீர் ஏறும் என்று தோன்றினால், நெகட்டிவ் கேபிளை முன்கூட்டியே கழற்றி வைத்துவிடலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய சென்னைக் கார்களைப்போல் முழுகிய வண்டியில், தண்ணீர் வடிந்த உடனே ஓடுகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருகலாகாது. பேட்டரியைத் துண்டித்து, மெக்கானிக் பார்த்த பிறகே தொட வேண்டும்.

கழற்றிய பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்து, அதற்குரிய தொகையைப் பில்லில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். 2001ஆம் ஆண்டு விதிகளும், அவற்றுக்குப் பதிலாக வந்த 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும், ஈயம் முறையான மறுசுழற்சிக்குப் போக வேண்டுமென்றே விதிக்கின்றன; தெருவில் பழைய சாமான் வாங்க வருகிறவரிடம் போட்டால் திராவகம் சாக்கடையில்தான் போய்ச் சேரும். பில்லிலும் உத்தரவாத அட்டையிலும் வண்டி எண்ணும் பேட்டரியின் சீரியல் எண்ணும் எழுதப்பட்டுக் கடை முத்திரை விழுந்திருக்கிறதா என்று பார்த்து, இரண்டையும் ஒரு படம் பிடித்து வைத்துக்கொண்டு கிளம்பலாம்.