ஜோடிக் கத்திகள்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

மடக்குக்கத்தி சேர்க்கப் போகிறேன், எதில் தொடங்கட்டும் என்று கேட்டிருந்தாய். நாட்டுக்கு ஒன்று, வடிவத்துக்கு ஒன்று என வாங்கிக் குவிக்காதே. ஜோடியாக வாங்கு. ஒரே ஆலை, ஒரே வடிவம், ஒரே அளவு. ஏதாவது ஒரு விஷயத்தில் மட்டும் மாறுபடுகிற இரண்டு கத்திகள். விதவிதமாக ஐம்பது கத்திகளை அடுக்கி வைத்தால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்று ஏன் நன்றாக வெட்டுகிறது, இன்னொன்று ஏன் சீக்கிரம் கெட்டது என்று அவற்றை வைத்துச் சொல்ல முடியாது. எல்லாமே மாறியிருக்கும்போது எதைக் காரணம் காட்டுவாய்?

உன் முதல் ஜோடி ஒபினெல் எண் 8 ஆக இருக்கட்டும். பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியான சவோயில், 1890-இல், ஜோசப் ஒபினெல் அப்பாவின் பட்டறையில் இந்தக் கத்தியை உருவாக்கியபோது அவருக்கு வயது 18. கிட்டத்தட்ட உன் வயதுதான். 1897-இல் 1 முதல் 12 வரை எண் கொடுத்து அளவுகளைப் பிரித்தார். எட்டாம் எண்ணின் அலகு எட்டரை சென்டிமீட்டர். பிடி பீச் மரம். திறந்த அலகு விரல்மேல் மடங்கிவிடாமல் பூட்டும் சுழல்வளையம் 1955-இல்தான் வந்தது. அலகில் ஒரு கையும் அதன்மேல் கிரீடமும் பொறித்திருப்பார்கள். கை, பக்கத்து நகரமான சான் ஜான் தெ மோரியெனின் சின்னத்திலிருந்து எடுத்தது. கிரீடம் சவோய் கோமகன்களைக் குறிப்பது.

இதே எட்டாம் எண் இரண்டு உருக்கில் கிடைக்கிறது. ஒன்றின் அலகில் ‘கார்பன்’ என்றும் மற்றதில் ‘இனாக்ஸ்’ என்றும் பிரெஞ்சில் பொறித்திருக்கும். இனாக்ஸ் என்றால் துருப்பிடிக்காத உருக்கு. இரண்டாலும் ஒரே புளிப்பு மாங்காயை நறுக்கு. துடைக்காமல் சற்று நேரம் வைத்துவிட்டு வெளிச்சத்தில் பார். கார்பன் அலகில் சாறு பட்ட இடமெல்லாம் சாம்பல் நிறம் ஏறி, ஆங்காங்கே நீலம் ஓடியிருக்கும். மாங்காய்த் துண்டிலும் லேசாகக் கறை தெரியும். இனாக்ஸ் அலகு பளபளவென்று அப்படியே இருக்கும். அதில் கலந்திருக்கும் குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தைப் போர்த்திவிடுகிறது. அமிலம் உள்ளே இறங்குவதில்லை.

கார்பன் அலகின் அந்தச் சாம்பல் நிறத்தைத் தேய்த்து எடுத்துவிடாதே. அது படிந்த அலகில் செந்துரு சுலபத்தில் ஏறாது. செந்துரு தெரிந்தால் மட்டும் உடனே துடைத்து ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடு. பிறகு இரண்டையும் ஒரே சாணைக்கல்லில் தீட்டிப் பார். கார்பன் அலகு சீக்கிரம் பதம் ஏறுவதைக் கை உணரும். வீட்டு வேலைக்கு என் ஓட்டு கார்பனுக்கே. கடலோரத்தில் இருந்தாலோ, துடைத்து வைக்கும் பழக்கம் இல்லாவிட்டாலோ இனாக்ஸ்தான் சரி.

மழைக்காலத்தில் இரண்டின் பிடியும் ஈரத்தில் ஊதி, அலகு வெளியே வர மறுக்கும். நகத்தை உடைத்துக்கொள்ளாதே. பூட்டுவளையம் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டு. அலகின் முதுகு தலைநீட்டும். சவோய்க்காரர்களின் வழி அது.

கை பழகியதும் அமெரிக்கப் பழைய கத்திகளுக்குப் போகலாம். பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் இருக்கும் கேஸ் ஆலையின் கத்திகள் ஜோடி சேர்ப்பவனுக்கு நல்ல பள்ளிக்கூடம். 6318 என்ற எண்ணை எடுத்துக்கொள். முதலில் வரும் 6 செதுக்கு வேலை செய்த எலும்புப் பிடியையும், 3 மூன்று அலகுகளையும், 18 வடிவத்தையும் குறிக்கும். 3318 என்றால் அதே வடிவம், அதே மூன்று அலகு. பிடி மட்டும் மஞ்சள். கால்நடை வளர்ப்பவர்களுக்கான வடிவம் இது: கூர்முனை அலகு ஒன்று, நேர்விளிம்பு அலகு ஒன்று, காயடிக்கும் வேலைக்கென்று முனை மழுங்கிய அலகு ஒன்று.

அலகின் கூரில்லாத அடிப்பகுதியில் பொடியெழுத்தில் ஆலை முத்திரை இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் படி. 1970-இல் அந்த முத்திரையின் கீழ் 10 புள்ளிகள் வைத்தார்கள். பிறகு ஆண்டுக்கு ஒரு புள்ளி குறைத்தார்கள். ஏழு புள்ளி இருந்தால் 1973. 1980-இல் முத்திரை எழுத்தின் வடிவம் மாறி, மறுபடி பத்திலிருந்து தொடங்கினார்கள். ஆகவே ஒரே எண்ணில், இரண்டு வெவ்வேறு ஆண்டுகளின் கத்திகளைத் தேடிப் பக்கத்தில் வைக்கலாம்.

பக்கத்தில் வைத்தால் தெரிவது வயது மட்டுமல்ல. பழைய கத்தியைத் தனியாகப் பார்த்தால் அலகு முழுசாக இருப்பதாகவே தோன்றும். அதிகம் தீட்டாத ஒன்றோடு முதுகோடு முதுகு பொருத்திப் பார்; எத்தனை ஆண்டு சாணை அதைத் தின்றிருக்கிறது என்று அப்போதுதான் புரியும். விற்கிறவர் ‘முழு அலகு’ என்று சொல்வதை இப்படிப் பார்க்காமல் நம்பாதே. அலகைப் பிடித்து நிறுத்தும் வில்லையும் (ஸ்பிரிங்) சோதி. திறந்தபோதும் மடித்தபோதும் வில்லின் முதுகு பிடியோடு சமமாக நிற்கிறதா? வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வில்லுக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே ஒளி கசிகிறதா? அலகு பக்கவாட்டில் ஆடுகிறதா? மடக்கும்போது ‘டக்’கென்று விழுகிறதா, சோர்ந்து விழுகிறதா? முத்திரையின் ஓரங்கள் மழுங்கியிருந்தால் யாரோ மெருகு மெஷினில் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பளபளப்புக்குக் காசு கொடுக்காதே.

பரிசுப்பெட்டியில், ஒரே வரிசை எண் பொறித்து, ஜோடி என்றே விற்கிற கத்திகளும் உண்டு. அவற்றை விட்டுவிடு. எதிலும் வேறுபடாத இரண்டு, ஒன்றுக்குச் சமம்.

வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். தோலுறைக்குள் வைத்து மூடாதே. தோல் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு அலகைக் கெடுக்கும். பழைய செல்லுலாய்டு பிடி போட்ட கத்தியை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் போடவே கூடாது. செல்லுலாய்டு சிதையும்போது வெளிவரும் அமில ஆவி, பக்கத்தில் இருக்கிற நல்ல கத்திகளையும் துருப்பிடிக்க வைத்துவிடும். தங்கச்சிக்கு எட்டாத அலமாரியில் பூட்டி வை. விமானத்தில் வந்தால் கைப்பையில் எடுத்து வராதே. பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள்.

ஒரு நோட்டுப் போடு. இடப்பக்கம் ஒரு கத்தி, வலப்பக்கம் அதன் ஜோடி. வெட்டிய பொருள், தீட்டிய தேதி, நிறம் மாறிய விதம். எட்டாம் எண் ஜோடி கைக்கு வந்ததும் முதல் மாதக் குறிப்பை எனக்கு எழுதி அனுப்பு. அதைப் படித்துவிட்டு அடுத்து எதை வாங்கலாம் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
மாமா