தாய்மாரும் சினமும்

சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதுத் திருஞானசம்பந்தப் பிள்ளையாரின் வாயில் பால் வழியக் கண்ட தந்தையார் சிவபாதவிருதயர், சினந்து சிறு கோலை ஓங்கினார் என்று பெரியபுராணம் கூறுகின்றது. ஆயினும் அடிக்கவில்லை, பால் தந்தவர் யாரென வினவினார். பிள்ளையார் அம்மையப்பரைச் சுட்டிக் காட்டித் தேவாரம் பாடியருளினார். அடி முந்தியிருந்தால் அழுகையல்லவா வந்திருக்கும்!

விளக்கு வைக்கும் வேளையில் அடுப்படி வேலையும் பிள்ளையின் பள்ளிப்பாடமும் ஒன்றாய்ச் சேரும்போதுதான் நம் வீடுகளில் பெரும்பாலும் அடி விழுகின்றது. (தகப்பன்மார் அந்நேரம் வாசிகசாலையில் இருப்பது வேறு கதை.) கை எழும்போது ஐந்தெழுத்தை ஒருமுறை மனத்துள் சொல்லி, "என்ன ராசா நடந்தது?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லி முடிக்கும்வரை பொறுங்கள். "சனியன்", "நாசமாய்ப் போ" என்பன விளக்கெரியும் வீட்டில் வேண்டவே வேண்டாம். ஏசிவிட்டீர்களாயின், அன்றிரவே திருநீறு பூசி, சோறூட்டிப் படுக்க விடுங்கள்.