கொடைக்கானலில் எந்த மாதம், எவ்வளவு நடக்கலாம்?

"கொடைக்கானல் போறோம் டாக்டர், என்ன மருந்து எடுத்துக்கிட்டுப் போகணும்?" என்று கேட்பவர்கள் நிறைய. "எந்த மாசம் போறீங்க? போய் என்ன செய்யப் போறீங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன். ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்துப் பார்ப்பது சித்த மருத்துவம். குறிஞ்சி நிலத்தில் கபம் தங்கும் என்பதும் அதன் கணிப்பு. மலையில் நடக்கப் போகிறவர் இரண்டையும் கவனிக்க வேண்டும்.

கொடைக்கானல் சுமார் 7000 அடி உயரம். அங்கே காற்றழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அதே அளவு குறைகிறது. பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு வட்டக்கானல் சரிவில் இறங்கி ஏறினால் இதயம் என்ன பாடுபடும்! முதல் நாள் ஏரிக்கரையே போதும். 1863-ல் உருவாக்கப்பட்ட அந்த ஏரியைச் சுற்றி சுமார் 5 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் அதுதான் உங்கள் வேகம். பேச்சு தடைப்பட்டால் உட்கார்ந்துவிடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையை, 'குளிர்ச்சியான ஊர்தானே' என்று நிறுத்திவிடக் கூடாது.

சித்திரை, வைகாசியில்தான் கூட்டம். சைக்கிள், படகு, மலர்க் கண்காட்சி என்று குழந்தைகள் நாள் முழுக்க வெளியில். காற்று சில்லென்று இருப்பதால் தாகம் தெரியாது. ஆனால் உயரத்தில் புற ஊதாக் கதிர் அதிகம். சாயங்காலம் மூக்கும் கன்னமும் கன்றிப்போகும். தொப்பி அவசியம். தாகம் எடுக்காவிட்டாலும் வெந்நீர் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

ஆனி, ஆடியில் சாரலும் மூடுபனியும். இரைப்பு உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

ஆண்டிலேயே அதிக மழை ஐப்பசியை ஒட்டித்தான். சோலைக்காட்டுப் பாதை வழுக்கும், அட்டையும் ஏறும். பதறிப் பிய்க்காமல், நகத்தால் பக்கவாட்டில் தள்ளிவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது. அதனால் கொஞ்ச நேரம் கசியும், பயமில்லை. (எங்கள் மருத்துவத்தில் அட்டை விடுதல் ஒரு சிகிச்சையே!) ஆனால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மார்கழி, தையில் வானம் தெளிவாக இருக்கும். கோக்கர்ஸ் வாக்கிலிருந்து பள்ளத்தாக்கைப் பார்க்க அதுவே அருமையான காலம். நடக்கவும் எனக்குப் பிடித்த பருவம். ஆனால் விடியற்காலைக் குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும். ஐம்பதைத் தாண்டியவர்கள் வெயில் வந்தபின் கிளம்பலாம். காதையும் நெஞ்சையும் மூடிக்கொள்ளுங்கள். சுக்குமல்லிக் காபி கபத்துக்கு இதம். ஆனால் நடக்கும்போது நெஞ்சு இறுகினால் 'வாயுப் பிடிப்பு' என்று சுக்கைத் தேடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதைச் சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்.

ராத்திரிக் குளிருக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு அறைக்குள் கரி அடுப்பு வைப்பது இன்னும் பெரிய ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தலை கனத்துத் தூக்கம் வரும். தூங்கினவர் எழுந்திருக்காமலே போகலாம். விடுதிக்காரரே கொண்டுவந்து வைத்தாலும் வெளியில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இன்னும் இரண்டு கம்பளி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.