மங்கலும் மறைப்பும்

தைப்பூசத்தன்று மாக் மண்டினிலிருந்து புறப்பட்டு, பட்டர்வொர்த் துறையில் ஃபெரி ஏறி, ஜார்ஜ்டவுனுக்குச் செல்வது எங்கள் வழக்கம். தண்ணீர்மலைக்குச் செல்லும் சாலையோரத்தில் நண்பர்கள் தண்ணீர்ப் பந்தல் அமைப்பார்கள். பக்தர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுப்பது அவர்கள் வேலை. அதைத் திறன்பேசியில் படம் பிடித்து, பின்னர்த் தொகுத்துக் காணொலியாக்குவது என் வேலை.

ஓர் ஆண்டு, புதிதாக மொட்டையடித்துச் சந்தனம் பூசிய சிறுவன் ஒருவன் பந்தலில் நின்று மோர் குடித்தான். உருமி மேளச் சத்தத்தில் மிரண்டு, அழுதுகொண்டே குடித்தான். அந்த 12 வினாடிகள்தாம் அன்று நான் எடுத்தவற்றுள் மிகச் சிறந்தவை. அவனுடைய தாயார் என்னைப் பார்த்து, “தம்பி, என் மகன் முகம் மட்டும் தெரியாம பார்த்துக்குங்க,” என்றார். காரணத்தை நான் கேட்கவில்லை. “சரிக்கா, மங்கலாக்கிடுறேன்,” என்று எளிதாகச் சொல்லிவிட்டேன்.

மங்கலாக்குதல் என்றால் என்ன? கணினிக்குப் படம் என்பது எண்களின் கூட்டம். ஒவ்வொரு படப்புள்ளிக்கும் ஒளியளவு உண்டு. 0 என்றால் கருமை, 255 என்றால் முழு வெண்மை. மூன்றுக்கு மூன்று என ஒன்பது புள்ளிகளை எடுத்துக்கொள்வோம். நடுப்புள்ளி 190, சுற்றியுள்ள எட்டும் 10. கூட்டினால் 270, ஒன்பதால் வகுத்தால் 30. நடுப்புள்ளி 190-ஐ விட்டுவிட்டு 30 ஆகிறது. இப்படி ஒவ்வொரு புள்ளியும் அண்டை அயலாரோடு சராசரியாகும்போது கூர்மை கரைகிறது. கண்ணின் கருமை கன்னத்தில் கலக்கிறது. மங்கல் என்பது இவ்வளவுதான்.

ஆனால், இந்த எளிய சராசரியில் ஒரு குறை உண்டு. ஒன்பது புள்ளிகளுக்கும் ஒரே மதிப்பைக் கொடுப்பதால், இரவுக்காட்சியில் ஒரு விளக்குப்பொட்டு சின்னஞ்சிறு சதுரமாகப் பரவித் தெரியும். இதைத் தவிர்க்க, அருகிலுள்ள புள்ளிக்கு அதிக மதிப்பும் தொலைவிலுள்ள புள்ளிக்குக் குறைந்த மதிப்பும் கொடுப்பார்கள். நடுப்புள்ளிக்கு 4, பக்கத்துப் புள்ளிகளுக்கு 2, மூலைகளுக்கு 1 என்று வைத்து, மொத்தம் 16-ஆல் வகுத்துப் பாருங்கள். இப்போது விடை 55. ஒளி சதுரமாகக் கொட்டாமல், மணியின் வடிவில் நடுவில் உயர்ந்து ஓரங்களில் சரிகிறது. தொகுப்புச் செயலிகளில் ‘காஸியன் மங்கல்’ என்று இருப்பது இதுதான். ஜெர்மானியக் கணித அறிஞர் காஸின் பெயர் அது. அந்த மணி வளைவை அவருக்கு முன்பே வேறு அறிஞர் கண்டிருந்தாலும், பெயர் இவருக்கே ஒட்டிக்கொண்டது. ஜெர்மனியின் பழைய 10 மார்க் தாளில் அவருடைய உருவத்தோடு அந்த வளைவும் அச்சாகியிருந்தது.

மங்கல் மென்மையாக அமைய இன்னும் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, விளிம்பு. முகத்தைச் சுற்றி வட்டம் வரைந்து உள்ளே மட்டும் மங்கலாக்கினால், கண்ணாடி வில்லையை ஒட்டியதுபோல் இருக்கும். வட்டத்தின் ஓரத்தில் மங்கல் சிறிது சிறிதாகக் குறைந்து படத்தோடு கரைய வேண்டும். மற்றொன்று, காலம். மங்கல் ‘சட்’டென்று தோன்றினால் பார்ப்பவர் கண் அங்கேதான் ஓடும். ஃபெரி துறையை நெருங்கும்போது எப்படி வேகத்தைத் தணித்து அணைகிறதோ, அப்படி மங்கலும் மெல்லத் தொடங்கி, நடுவில் விரைந்து, மெல்ல நிற்க வேண்டும்.

இவை அனைத்தையும் செய்தேன். முகத்தைத் தானே பின்தொடரும் வசதி செயலியில் இருந்தது. காணொலியை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன், அழகாக இருந்தது. புலனத்தில் அனுப்பினேன்.

மறுநாள் அந்தத் தாயார் அழைத்தார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குச் சுட்டது. உறவினர் ஒருவர் காணொலியை இடையில் நிறுத்திப் பார்த்தாராம். மகன் முகம் தெளிவாகத் தெரிகிறதாம். வினாடிக்கு 25 படங்கள் வீதம் 12 வினாடிக்கு 300 படங்கள். ஒவ்வொன்றாக நகர்த்தினேன். காவடி ஏந்திய ஒருவர் குறுக்கே கடந்தபோது, செயலி சிறுவனை விட்டுவிட்டு அவருடைய முகத்தைப் பிடித்துக்கொண்டது. ஏழு படங்களில் சிறுவனின் முகம் வெளிச்சத்தில் இருந்தது. கால் வினாடிக்குச் சற்று அதிகம். ஓடும்போது என் கண்ணுக்குத் தப்பியது, நிறுத்தியவரின் கண்ணுக்குத் தப்பவில்லை.

அழகுக்காக மங்கலாக்குவதும் மறைப்பதற்காக மங்கலாக்குவதும் வெவ்வேறு வேலைகள் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. பின்னணியை மங்கலாக்கும்போது ஏழு படங்கள் பிழைத்தால் யாருக்கும் இழப்பில்லை. நம் நாட்டில் குற்ற வழக்குகளில் தொடர்புடைய சிறாரின் படத்தையும் அடையாளத்தையும் ஊடகங்கள் வெளியிடுவதை 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 15ஆம் பிரிவு தடுக்கிறது. அத்தகைய செய்தியில் ஒரே ஒரு படம் தப்பினாலும் அந்தப் பிள்ளை ஊருக்குத் தெரிந்துவிடும்.

மேலும், மங்கலில் தகவல் முழுவதுமாக அழிவதில்லை. வண்டி எண்ணையோ அடையாள அட்டை எண்ணையோ மங்கலாக்கினால், இருக்கக்கூடிய எண்களையெல்லாம் அதே அளவில் மங்கலாக்கி ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க இயலும். முகத்தைச் சுழல்போல் முறுக்கி மறைப்பது அதைவிட மோசம். முறுக்கியதைத் திருப்பி முறுக்கினால் போதும். 2007இல் இண்டர்போல் தேடிய குற்றவாளி ஒருவன் தன் முகத்தை அப்படித்தான் மறைத்திருந்தான். ஜெர்மானியக் காவல்துறை வல்லுநர்கள் அதை மீட்டெடுத்தனர். சில நாள்களில் அவன் தாய்லாந்தில் பிடிபட்டான். அங்கே அது நன்மையாக முடிந்தது. உங்கள் வீட்டு முகவரிக்கு அப்படி நேர்ந்தால் நன்மையாகாது. ஆகவே எண்ணையும் எழுத்தையும் மங்கலாக்காதீர்கள். ஒரே நிறக் கட்டத்தால் முழுவதும் மூடிவிடுங்கள்.

நான் அந்தக் காணொலியைப் புலனத்திலிருந்து நீக்கிவிட்டு மீண்டும் அமர்ந்தேன். இம்முறை மங்கலின் அளவைக் கூட்டினேன். செயலியை நம்பாமல் 300 படங்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடித்தது. முடித்தபின், கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேட்டேன். அந்த 12 வினாடிகளில் தாயார் மகனை மூன்று முறை பெயர் சொல்லி அழைத்திருந்தார். அந்த இடத்தில் ஒலியை நீக்கிவிட்டு, வேறொரு காட்சியின் உருமி மேளத்தைச் சேர்த்தேன்.