வீட்டுத் தோட்டத்திற்கான பாட்டரிக் கருவிகளும் அவற்றைத் தெரிந்தெடுக்கும் முறையும்

திருவண்ணாமலையில் அருணாசல மலையின் தென்புற அடிவாரத்தில், செங்கம் சாலையை ஒட்டிய ரமணாசிரமப் பகுதியிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும், வீட்டோடு சேர்ந்த தோட்டமுடைய குடியானவர்கள் பலர் இருக்கின்றனர். தென்னை, மா, வேம்பு, புங்கன் முதலிய மரங்களும், வேலியோரச் செடிகளும், கொட்டிலும், வைக்கோற்போரும் இத்தோட்டங்களில் அடங்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்தவுடன் களையும் புல்லும் இடுப்பளவு வளர்ந்துவிடுகின்றன. மாசி தொடங்கி இலைகள் உதிர, அதே புல் காய்ந்து பங்குனி, சித்திரை வெயிலில் ஒரு சிறு பொறிக்கும் பற்றக்கூடிய நிலையை அடைகிறது. மலைச்சரிவில் கோடைதோறும் புல் தீப்பற்றுவதும், அங்கு மரம் வளர்ப்போர் ஆண்டுதோறும் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு அமைப்பதும் இவ்வட்டாரத்தார் அறிந்ததே. ஆகையால் முற்றத்தைத் திருத்துவது வெறும் அழகுக்காக மட்டுமன்று. கொட்டிலையும் போரையும் காப்பாற்றும் காரியமும் அதுவே.

இவ்வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவருவதால், பாட்டரியால் இயங்கும் புல்வெட்டி, தெளிப்பான், கிளையறுக்கும் ரம்பம், இலை ஊதும் கருவி ஆகியவற்றைப் பலர் வாங்குகின்றனர். வாங்கியவற்றுள் சில, இரண்டு ஆண்டு செல்லுமுன் பரணில் ஏறிவிடுகின்றன. அதற்குப் பெரும்பாலும் காரணம் கருவியின் குற்றமன்று. தெரிந்தெடுத்ததில் நேர்ந்த பிழையேயாம்.

வாங்குவது பாட்டரியையே

குளிர்நாடுகளில் வீட்டுக்காரர்கள் மாரிக்காலத்தில் வாசலில் குவியும் பனியை அகற்றவும், கோடையில் புல்லை வெட்டவும் இத்தகைய கருவிகளை வைத்திருக்கின்றனர். அவர்களிற் சிக்கனமானவர் பனி தள்ளும் கருவிக்கும் புல்வெட்டிக்கும் ஒரே பாட்டரி பொருந்துமாறு பார்த்து வாங்குகின்றனர். நம் நாட்டார் அவர்களிடம் கொள்ளத்தக்க பாடம் இதுவே. கருவியின் மோட்டாரும் உடலும் பல்லாண்டு நிற்கும். பாட்டரியோ தேய்ந்துகொண்டே போகும். விலையிலும் அதன் பங்கு பெரிது. ஆகவே முதலில் பாட்டரியையும், பிறகு அதற்குப் பொருந்தும் கருவிகளையும் தெரிந்தெடுப்பதே முறை.

இரண்டு ஏக்கர் நிலக்கடலையும் 20 சென்ட் வீட்டுத் தோட்டமும் உடைய இருவரை உதாரணமாகக் கொள்க. ஒருவர் விலை மலிவு கண்டு நான்கு கருவிகளை நான்கு உற்பத்தியாளரிடமிருந்து வாங்குகிறார். பாட்டரிகள் நான்கு, மின்னேற்றிகளும் நான்கு. ஒன்று மற்றொன்றிற்குப் பொருந்தாது. ஒரு பாட்டரி கெட்டால் அந்தக் கருவியும் அதனுடன் கெட்டதாகிறது. மற்றவர் ஒரே இனத்துப் பாட்டரி இரண்டையும் அவற்றிற்குப் பொருந்தும் கருவி இரண்டையும் வாங்கி, மூன்றாவதைத் தேவை கண்டபின் பாட்டரியின்றி வாங்குகிறார். ஒரு பாட்டரி வேலை செய்கையில் மற்றொன்று மின்னேறுகிறது. முதலில் செலவான தொகையில் வேற்றுமை சிறிதாயினும், சில ஆண்டுகளில் இருவர் நிலையும் பெரிதும் வேறுபடும்.

கொள்ளளவைக் கணக்கிடும் விதம்

கடையில் வோல்ட் எண்ணை மட்டும் கேட்டு வாங்குவது போதாது. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வரும் வாட்-மணியே பாட்டரியில் அடங்கிய சக்தியின் அளவு. 18 வோல்ட், 4 ஆம்பியர்-மணி பாட்டரியில் 72 வாட்-மணியும், 36 வோல்ட், 4 ஆம்பியர்-மணி பாட்டரியில் 144 வாட்-மணியும் உண்டு.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சிலர் 18 வோல்ட் என்பதையும், சிலர் 20 வோல்ட் என்பதையும் பெட்டியின்மேல் அச்சிடுகின்றனர். லித்தியம் அறை ஒன்று சாதாரணமாக 3.6 வோல்ட் கொண்டது; ஐந்து அறைகளுக்கு 18 வோல்ட். முழுதும் மின்னேற்றியவுடன் அதே ஐந்து அறைகள் 20 வோல்ட்டுக்குச் சற்று மேலும் காட்டும். ஆகவே இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றே. அவ்வாறே 36 வோல்ட்டும் 40 வோல்ட்டும் ஆகும். பெரிய எண்ணுக்காக அதிக விலை கொடுப்பது வீண்.

புல்வெட்டி சராசரியாக 400 வாட் இழுக்குமாயின், 144 வாட்-மணிப் பாட்டரி சற்றேறக்குறைய 20 நிமிடமே ஓடும். தடித்த புல்லில் இன்னும் குறையும். 20 சென்ட் முற்றத்திற்கு இத்தகைய பாட்டரி இரண்டு இருப்பின், ஒரு காலையில் இடைவிட்டு வேலையை முடிக்கலாம். ஏக்கர்க்கணக்கில் வெட்ட வேண்டியவருக்கு இது ஏற்றதன்று. அவருக்குப் பெட்ரோல் இயந்திரமோ வாடகை இயந்திரமோ சிலாக்கியமானது. மின்சாரச் செலவோ மிகச் சொற்பம். மின்னேற்றுகையில் ஏற்படும் நஷ்டத்தைச் சேர்த்தாலும், ஒரு யூனிட்டில் இப்பாட்டரியை ஐந்தாறு முறை நிரப்பலாம்.

எக்கருவி யாருக்கு ஏற்றது

1. தெளிப்பான்: நிலமுடையவர் முதலில் வாங்கத்தக்கது இதுவே. 16 லிட்டர் கொண்ட முதுகுத் தெளிப்பான்கள் பலவற்றில் 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி ஈய-அமிலப் பாட்டரி உண்டு. அதாவது 96 வாட்-மணி. கைப்பிடியை ஓயாமல் அடிக்கும் உழைப்பு நீங்கி, மருந்தும் ஒரே சீராக விழுகிறது. ஆயினும் நீர் நிரம்பிய தெளிப்பானின் பாரம் 20 கிலோவைத் தாண்டும். வயது முதிர்ந்தவர் 10 லிட்டர் அளவே நிரப்புதல் நன்று. களைக்கொல்லிக்கும் பூச்சிமருந்துக்கும் ஒரே தெளிப்பானைப் பயன்படுத்தலாகாது. அடியில் தங்கிய சிறிது களைக்கொல்லியே பயிரைக் கருக்கிவிடும்.

2. புல்வெட்டி: வேலியோரத்திற்கும் மரத்தடிக்கும் நைலான் நரம்பு பூட்டியது போதும், சீமைக்கருவேலங் கன்றுகளுக்குத் தகடு வேண்டும். அருகு, கோரை ஆகியவற்றை இக்கருவி மேலே வெட்டுமேயன்றி வேரோடு ஒழிக்காது. அவற்றிற்குக் களைக்கொத்தே கதி. பார்த்தீனியத்தை நரம்பால் அடித்தால் அதன் சாறும் துணுக்கும் மேலே தெறித்துத் தோலில் அரிப்பு உண்டாகும். மழை ஈரம் இருக்கையில், பூக்குமுன், கையுறை அணிந்து வேரோடு பிடுங்குவதே சிறந்தது.

3. கிளையறுக்கும் ரம்பம்: மா, வேம்பு முதலியவற்றின் கவாத்துக்கு உதவும். ஆண்டுக்கு இரண்டொரு நாள் மட்டுமே வேலையுடையவர், கைரம்பத்தையும் கவாத்துக் கத்தரியையும் கொண்டே நிறைவு பெறலாம்.

4. இலை ஊதும் கருவி: இது கடைசியில் வாங்கத்தக்கது; பலர் வாங்காமலேயிருக்கலாம். மண்முற்றத்தில் இது இலையோடு புழுதியையும் கிளப்பி அண்டை வீட்டில் சேர்க்கும். ஈர்க்குத் துடைப்பம் அவ்வேலையைச் செலவின்றிச் செய்கிறது. கூட்டிய சருகைக் கொளுத்தாமல் எருக்குழியில் இடுவதால் நிலத்திற்கு உரமும், ஊருக்குத் தீப்பயமின்மையும் கிடைக்கும்.

வெயிலே பாட்டரிக்குச் சத்துரு

குளிர்நாட்டில் பாட்டரிக்குத் தீங்கு செய்வது குளிர். உறைநிலைக்குக் கீழே அதன் சக்தி குன்றும். அந்நிலையில் மின்னேற்றினாலும் கேடு விளையும். திருவண்ணாமலையிலோ தீங்கு செய்வது வெயில். இங்குக் கோடையில் உஷ்ணம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவதுண்டு; தகரக் கூரையின் கீழும் நிறுத்திய வண்டியின் உள்ளும் அதனினும் மிகும். லித்தியம் பாட்டரியை 45 டிகிரிக்கு மேல் மின்னேற்றலாகாது என்பது பெரும்பான்மையான உற்பத்தியாளரின் விதி. வேலை முடிந்து சூடாயிருக்கும் பாட்டரியை நிழலில் ஆறவிட்டு, அதிகாலையிலோ மாலையிலோ மின்னேற்றுக.

இருவகைப் பாட்டரியையும் பேணும் முறை வேறு வேறு என்பதை மறக்கலாகாது. லித்தியம் பாட்டரியைப் பல மாதம் சும்மா வைப்பதாயின், பாதி மின்னேற்றத்துடன் குளிர்ந்த அறையில் வைக்க வேண்டும். ஈய-அமிலப் பாட்டரியையோ முழுதும் ஏற்றியே வைத்து, மாதம் ஒருமுறை மீண்டும் ஏற்ற வேண்டும்; தீர்ந்த நிலையில் கிடந்தால் அதன் தகடுகள் உப்புப் படிந்து உயிரிழக்கும். பருவம் முடிந்ததும் தெளிப்பானை மூலையில் போட்டு, அடுத்த ஆண்டு எடுத்துப் பார்த்து ஏமாறுவதற்குக் காரணம் இதுவே.

லித்தியம் அயனிப் பாட்டரி 1991-ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதனை உருவாக்கிய மூவருக்கு 2019-ஆம் ஆண்டில் ரசாயன நோபல் பரிசு அளிக்கப்பட்டது. அதிலும் இரும்புப் பாஸ்பேட் சேர்ந்த வகை, சற்றுக் கனமாயினும், உஷ்ணத்தைத் தாங்குவதிலும் ஆயுளிலும் மேம்பட்டது. வெப்பமிகுந்த இவ்வட்டாரத்தில், கிடைக்குமிடத்து அவ்வகையைக் கேட்டு வாங்குதல் தக்கது.

அபாயம் நேராமல் காத்தல்

சத்தம் குறைவாக இருப்பதால் இக்கருவிகளைச் சிலர் விளையாட்டாக எண்ணுகின்றனர். புல்வெட்டியின் தகடு தெறிக்கச் செய்யும் சிறுகல் கண்ணைப் போக்கிவிடும். கண்ணாடியும் மூடிய பாதரக்ஷையும் இன்றி அதைத் தொடலாகாது; குழந்தைகளும் ஆடுமாடுகளும் 15 மீட்டர் தூரத்திற்குள் வரலாகாது. சிக்கிய புல்லை அகற்றுமுன் பாட்டரியைக் கழற்றிவிட வேண்டும். கார்த்திகைத் தீபத்திற்குள் முற்றத்தைத் திருத்த விரைந்து, மழை ஈரத்தில் கருவியை ஓட்டுவதும் கூடாது. ஈரப்புல் மோட்டாரைத் திணறச் செய்யும், நீர் உள்ளே புகுந்தால் பழுதும் உண்டாகும்.

வைக்கோற்போருக்கும் சாக்குக்கும் அருகில் மின்னேற்றுதல் பெரும் பிழை. உரிய மின்னேற்றியை மட்டும், கல்தரையில், ஆள் விழித்திருக்கும் வேளையில் உபயோகிக்க. உப்பியதும், அடிபட்டதும், கசிவதுமான பாட்டரியை மீண்டும் ஏற்றவே கூடாது. தீயினின்று வீட்டைக் காக்க வாங்கிய கருவியே தீக்குக் காரணமாகிவிடலாகாதன்றோ?

கிராமத்தார் கவனத்திற்கு

ஒவ்வொரு வீட்டாரும் ஒவ்வொரு கருவியையும் வாங்குவது அவசியமன்று. ஆண்டில் சில நாளே வேண்டப்படும் ரம்பத்தையும் தகடு பூட்டிய புல்வெட்டியையும், நாலைந்து குடியானவர் கூடியோ, உழவர் குழுவின் வாயிலாகவோ பொதுவில் வாங்கி, பாட்டரியின் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்கலாம். 2014-15 முதல் நடந்துவரும் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் விசைத்தெளிப்பான்களுக்கும் இடமுண்டு. நடப்பு ஆண்டின் மானிய விவரத்தை, பணம் கட்டுமுன், வேளாண்மை விரிவாக்க மையத்திலோ வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலோ கேட்டறிக.

ஆயுள் முடிந்த பாட்டரியை எருக்குழியிலோ ஏரிக்கரையிலோ எறிவது நீருக்கும் மண்ணுக்கும் கேடு. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பாட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளரைச் சார்ந்தது; அவற்றை மற்றக் குப்பையோடு கலவாமல் ஒப்படைப்பது உபயோகிப்பவரின் கடமை. வாங்கும்போதே, பழையதை எங்கே ஒப்படைப்பது, மாற்றுப் பாட்டரியும் பழுதுபார்ப்பும் திருவண்ணாமலையிலேயே கிடைக்குமா என்ற கேள்விகளைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டும். இவற்றிற்குத் தெளிவான விடை கிடைக்காத கருவி, எவ்வளவு மலிவாயினும் விலையுயர்ந்ததே.

சுருங்கச் சொல்லின், வேலையை அளந்து பாட்டரியையும், பாட்டரியைக் கொண்டு கருவியையும் தெரிந்தெடுக்க வேண்டும். அரிவாளும் துடைப்பமும் போதுமான இடத்தில் அவற்றையே கைக்கொள்ள வேண்டும். இவ்வாறு செய்யும் குடியானவருக்குப் பணமும் மிச்சமாகும். சித்திரை வெயிலில் அவரது கொட்டிலும் வைக்கோற்போரும் பாதுகாப்பாக இருக்கும்.