புதிதாய்க் காய்கறி பயிரிடுவோரும் பூச்சிகளும்

வீட்டின் பின்புறத்தில் நான்கு பாத்திகள் அமைத்து, சாவிக் கீரையும் கத்தரியும் பயற்றங்காயும் முதன்முறையாகப் பயிரிட்டவர், ஒரு நாள் காலையில் இலைகள் சல்லடையாகியிருக்கக் கண்டு மனம் சோர்வது இயல்பே. அவ்வேளையில் சிலர், தோட்டத்தில் தெளிக்கும் மருந்தில் சிறிதைப் போத்தலில் கொண்டுவந்து செடிகளின்மீது அடித்துவிடுகின்றனர். இது பெருந்தவறாகும். முதலில் எதிரி யாரென்று அறிதல் வேண்டும். நாள்தோறும் இலைகளின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்ப்பதே இதற்கு வழி.

1. அசுவினி: பயற்றங்காயின் குருத்திலும் பிஞ்சிலும் கருநிறமாய் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். எறும்புகள் சாரைசாரையாய்ச் செடியில் ஏறுமாயின் அங்கு அசுவினி உண்டென அறியலாம்; அது சுரக்கும் இனிப்பு நீரை நாடியே அவை வருகின்றன. நீரை வேகமாகப் பீய்ச்சினால் பெரும்பாலானவை உதிர்ந்துவிடும். எஞ்சியவற்றின்மீது, ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சவர்க்கார நீர் கலந்து மாலையில் தெளிக்கலாம். முதலில் ஓர் இலையில் தெளித்து, மறுநாள் அது கருகவில்லை எனக் கண்டபின் மற்றவற்றுக்குத் தெளிப்பது நலம்.

2. வைரமுதுகு அந்துப்பூச்சி: சாவியைத் துளைப்பது இதன் சிறு பச்சைப் புழு. தொட்டால் துடித்து நூலில் தொங்கும். ஜாவாத் தீவில் டி.டி.டி. மருந்துக்கு இது அடங்காமற்போனது 1953-ஆம் ஆண்டிலேயே பதிவாகியுள்ளது. எனவே, மருந்தையே நம்பியிராமல் பாத்திக்கு மெல்லிய வலையிடுக. அறுவடைக்குப்பின் அடித்தண்டுகளைப் பிடுங்கிவிட்டு, அப்பாத்தியில் கங்கோங் போன்ற வேறு பயிரிடுக.

3. கத்தரித் தண்டுத் துளைப்பான்: நீரூற்றியும் குருத்து வாடித் தொங்கினால், உள்ளே புழு உள்ளது எனலாம். வாடிய பகுதிக்குச் சற்றுக் கீழே வெட்டி, துளையுள்ள காய்களோடு சேர்த்து அழித்துவிடுக.

4. பழ ஈ: பாகற்பிஞ்சு விரலளவு இருக்கும்போதே காகித உறையிட்டுக் கட்டுக. உதிர்ந்த காய்களைப் பிளாஸ்டிக் பையிலிட்டு இறுகக் கட்டி வெயிலில் வைத்தால் உள்ளிருக்கும் புழுக்கள் மடியும்.

5. ஆப்பிரிக்க நத்தை: இரவில் விளக்கோடு சென்று பொறுக்குக. இது நோய்ப்புழுவைச் சுமக்கக்கூடும், வெறுங்கையால் தொடலாகாது. கீரையை நன்கு கழுவிச் சமைத்தே உண்க.

நண்பனைப் பகைவனென எண்ணிக் கொன்றுவிடவும் கூடாது. பளபளப்பான செந்நிறப் பொறிவண்டு அசுவினியைத் தின்று நமக்கு உதவுகிறது. அதன் இனத்ததாயினும், மங்கிய நிறத்தில் 28 புள்ளிகளுடைய வண்டோ கத்தரியிலையைச் சுரண்டித் தின்பது. முன்னதை விட்டுவிட்டுப் பின்னதை நசுக்குக.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. தோட்ட மருந்துகளுள் பல களைக்கொல்லிகள். அவை பூச்சியை விட்டுச் செடியையே கொல்லும். பராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளது. அதற்கு மாற்றுமருந்து கிடையாது. பானப் போத்தலில் ஊற்றிவைத்த விஷத்தைக் குழந்தை அறியாது குடித்தால் எந்த அறுவடை அதனை ஈடுசெய்யும்? மருந்து தேவையெனில், மாவட்ட விவசாய இலாகாவின் ஆலோசனையைப் பெற்று, காய்கறிக்குரியதையே வாங்குக. அறுவடைக்கு எத்தனை நாள் காத்திருக்கவேண்டுமென்று அதன் முகப்புச்சீட்டில் கூறியிருப்பதைத் தவறாது கடைப்பிடிக்கவும்.

நாளும் கால்மணி நேரம் பாத்தியைச் சுற்றிவருபவருக்குப் பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது.