கைத்தொலைபேசிக் காசுக்கு வழக்காட முடியுமா?

மண்சரிவுக்குப் பின் லயத்தை விட்டு இடம்பெயர்ந்த குடும்பத்தின் கையில் நட்டஈட்டுப் பணம் கொஞ்சம் இருந்தால், அதைப் பெருக்கித் தருகிறேன் என்று ஒருவர் வந்துவிடுவார். முன்பு சீட்டு என்றார்கள். இப்போது கைத்தொலைபேசியில் கிரிப்டோ நாணயம் காட்டுகிறார்கள். அதில் தகராறு வந்தால் நீதிமன்றம் என்ன செய்யும் என்பதை இம்முறை படிப்போம்.

கிரிப்டோ நாணயம் கையில் பிடிக்கும் பொருளல்ல. கணினிப் பதிவேட்டில் உள்ள ஒரு கணக்கு. அதன் திறப்பு ஓர் இரகசிய இலக்கம். திறப்பு யாரிடமோ, நாணயமும் அவர் கையில்தான்.

சென்னையில் ஒருவர் 2024 ஜனவரியில் 1,98,516 இந்திய ரூபாய் கொடுத்து, வசீர்எக்ஸ் என்ற நிறுவனம் மூலம் 3,532.30 எக்ஸ்.ஆர்.பி. நாணயங்கள் வாங்கினார். அவ்வாண்டு ஜூலையில் அந்நிறுவனத்திலிருந்து சுமார் 23 கோடி டொலர் பெறுமதியான வேறுவகை நாணயங்கள் களவு போயின. இவருடையவை களவு போகவில்லை. ஆயினும் இவர் கணக்கும் முடக்கப்பட்டது. நட்டத்தை எல்லோரும் பகிர வேண்டும் என்பது நிறுவனத்தின் வாதம்.

நம் மாட்டை அயலவர் பட்டியில் கட்டுகிறோம். திருடன் பக்கத்து மாட்டைக் கொண்டுபோகிறான். பட்டிக்காரர் நம் மாட்டை விற்று நட்டத்தைப் பங்கிட்டால் விடுவோமா?

2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் ஒரு சொத்து, அதைப் பிறருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கவும் முடியும் என்று தீர்த்து, அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு வழங்கினார். நியூசிலாந்து நீதிமன்றம் 2020இலேயே இவ்வாறு கூறியிருந்தது.

ஆனால் சிக்கல் அத்துடன் தீரவில்லை. ஒப்பந்தப்படி பிணக்கை விசாரிக்கும் இடம் சிங்கப்பூர். பணம் சென்னை வங்கிக் கணக்கிலிருந்து போனதால்தான் சென்னை நீதிமன்றம் தலையிட முடிந்தது. பணம் அனுப்பிய வங்கிச் சிட்டைக்கு அவ்வளவு பெறுமதி!

இந்தியத் தீர்ப்பு இலங்கை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது; எடுத்துக்காட்டலாம், அவ்வளவே. கிரிப்டோ தொழில் நடத்த எவருக்கும் அனுமதி வழங்கவில்லை என்று இலங்கை மத்திய வங்கி 2021இலும் 2022இலும் எச்சரித்தது. ஆள் சேர்த்தால் பங்கு தரும் பிரமிட் திட்டம் வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவின்படி குற்றம். சேர்த்துவிட்டவரும் மாட்டிக்கொள்வார், அவர் நம் சொந்தக்காரராக இருந்தாலும்.

2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி, மின்வடிவில் உள்ளது என்பதற்காக மட்டும் ஒரு பதிவைத் தள்ளிவிட முடியாது. ஆகவே ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் குறுஞ்செய்திகளை அழிக்க வேண்டாம். தொலைபேசியை மாற்றுமுன் அவற்றைப் படியெடுங்கள். வங்கிச் சிட்டை, வாங்கியவரின் பெயர், திகதி எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதோர் அவற்றுடன் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.